எம்.எஸ்.டபிள்யூ.வா, கவுன்சலிங்கா? சேரும் முன் செய்து பார்க்க வேண்டியவை

டிகிரி ரிசல்ட் வரும் நாட்களில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். “நாலு பேருக்கு உதவுற மாதிரி படிக்கணும்னு ஆசை. சோஷியல் வொர்க் எடுக்கட்டுமா, கவுன்சலிங் எடுக்கட்டுமா?” சில சமயம் பேசுவது பிள்ளையாக இருக்காது, அம்மாவாக இருக்கும். “ரெண்டும் ஒண்ணுதானே தம்பி, எதுக்கு வேலை கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க.”

ரெண்டும் ஒன்று இல்லை. ஒன்றில் படித்தவர் செய்யும் வேலையை இன்னொன்றில் படித்தவரும் பல இடங்களில் செய்கிறார் என்பதால் அப்படித் தோன்றுகிறது. இரண்டு வருடத்தில் கற்றுத்தருவதும், கையில் வரும் பட்டத்துக்குச் சட்டம் தரும் இடமும், பத்து வருடம் கழித்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் வேறு வேறு. நான் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுநிலை, படித்தவன். மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, போதவில்லை என்று தோன்றித் தனியாகக் கவுன்சலிங் பயிற்சி எடுத்துக்கொண்டேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் ஒருபக்கச் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் படித்து, இங்கேயே வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு. வெளிநாட்டுக் கணக்கு வேறு. அதைக் கடைசிக்கு முன்னால் கொஞ்சம் தொடுகிறேன்.

முதல் படி: ஒரு கேஸை எடுத்துக் கேள்வி எழுதுங்கள்

ப்ராஸ்பெக்டஸைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும்.

அரசு மருத்துவமனையில் ஒரு வார்டு. நாற்பத்திரண்டு வயது மனிதர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். குடியால் ஈரல் கெட்டுப்போய் மூன்றாவது முறையாக அட்மிட் ஆகியிருக்கிறார். பக்கத்தில் மனைவி, சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறக்காமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்தாவது படிக்கும் மகன் இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, மெக்கானிக் கடையில் நிற்கிறான். டாக்டர் உங்களைக் கூப்பிட்டு, “இவர்கிட்ட கொஞ்சம் பேசுங்க” என்கிறார்.

பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை வரிசையாக எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

சிலர் எழுதுவது இப்படி இருக்கும்: காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? வீட்டு வாடகை யார் கட்டுகிறார்கள்? மகனின் பள்ளிக்கூடத்தில் யாரிடம் பேசினால் அவனைத் திரும்பச் சேர்ப்பார்கள்? மார்க்கெட்டில் சங்கம் உண்டா, கடன் யாரிடம் வாங்கியிருக்கிறார்? டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் வழியில் எத்தனை டாஸ்மாக் கடை இருக்கிறது?

வேறு சிலரின் தாள் வேறு மாதிரி இருக்கும்: முதல் தடவை எப்போது குடித்தார், அன்றைக்கு என்ன நடந்தது? நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறதா, அல்லது மற்றவர்கள் சொல்லித் தலையாட்டுகிறாரா? இதற்கு முன்னால் சில நாட்களாவது நிறுத்தியிருந்தால் அந்த நாட்களில் என்ன வித்தியாசம்? மனைவி ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறார்? மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் இவர் முகம் எங்கே திரும்புகிறது?

முதல் தாள் சமூகப்பணி. இரண்டாவது கவுன்சலிங். நல்ல சமூகப்பணியாளர் இரண்டாவது தாளின் கேள்விகளையும் கேட்பார், நல்ல கவுன்சலர் முதல் தாளை மறக்க மாட்டார். ஆனால் யோசிக்காமல் கையில் வரும் முதல் ஐந்து கேள்விகள் எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வருடப் படிப்பும் அதற்குப் பிந்தைய வேலையும் அந்தப் பக்கத்தைத்தான் தினமும் தீட்டிக்கொண்டே இருக்கும். தாலுகா ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைவதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது என்றால் எம்.எஸ்.டபிள்யூ. உங்களைப் படுத்தும். ஒரே மனிதரோடு ஒரே அறையில் வாரா வாரம் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து, அவர் அரிசி விலையைப் பற்றிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்க முடியாது என்றால் கவுன்சலிங் படுத்தும்.

ஒரு தாள் எழுதியதில் தெளிவு வரவில்லையென்றால் இன்னொரு கேஸ் எடுங்கள். மருமகளோடு பேசாமல் இருக்கும் மாமியார், கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் வாரமே ஊருக்குத் திரும்பிவிட்ட பையன், எதுவானாலும் சரி. உங்கள் தெருவிலேயே பத்து கேஸ் கிடைக்கும்.

இரண்டாம் படி: இரண்டு வருடத்தில் நிஜமாக என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எம்.எஸ்.டபிள்யூ.வின் உயிர் களப்பணியில் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு கிடையாது, ஃபீல்டு. காலையில் பஸ் பிடித்து ஒரு நிறுவனத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப்பகுதியில் இயங்கும் தொண்டு நிறுவனம், தொழிற்சாலை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று எங்கே போடுகிறார்களோ அங்கே. சாயங்காலம் வந்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆசிரியர் வாரம் ஒருமுறை உங்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். ஐ.சி. என்போம், அதாவது இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ். “அந்த அம்மா அழுதாங்கன்னு எழுதியிருக்கே. நீ அப்போ என்ன பண்ணினே? ஏன் உடனே பேச்சை மாத்தினே?” என்று அவர் கேட்கும் இடத்தில்தான் படிப்பே நடக்கிறது. அதற்குமேல் ஒரு வாரம் பத்து நாள் கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம்போல ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து வேலை பார்க்கும் பிளாக் பிளேஸ்மென்ட்.

பாடங்கள் என்றால் ஆறு முறைகள்: தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, நல நிர்வாகம், ஆய்வு, சமூகச் செயல்பாடு. இவற்றோடு கொஞ்சம் உளவியல், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் சமூகவியல். எல்லாவற்றிலும் கொஞ்சம் என்பது இந்தப் படிப்பின் பலம், அதுவேதான் பலவீனமும். ஒருவரோடு தொடர்ந்து பன்னிரண்டு அமர்வு நடத்தும் திறன் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவுடன் வந்துவிடாது. எனக்கு வரவில்லை. முதல் வேலையில் ஒரு இளைஞர் என்னிடம் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அவருக்கு வேலை தேடித் தருவதிலேயே குறியாக இருந்தேன். நான்காம் முறை அவர் வரவில்லை. அவருக்கு வேலை பிரச்சினையே இல்லை என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

கவுன்சலிங் சைக்காலஜியில் அறைக்குள் நடக்கும் பயிற்சி அதிகம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஒருவர் கவுன்சலர், ஒருவர் உதவி தேடி வருபவர், ஒருவர் பார்வையாளர் என்று மாறி மாறிப் பழகுவார்கள். பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, ஒவ்வொரு பதிலையும் ஏன் சொன்னோம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். கார்ல் ரோஜர்ஸ், ஆரன் பெக் போன்ற உளச்சிகிச்சை முன்னோடிகள் எல்லாம் பாடத்தில் வருவார்கள். மனநோய்களின் வகைப்பாடு, உளவியல் சோதனைகள், ஆளுமைக் கோட்பாடுகள், புள்ளியியல் உண்டு. புள்ளியியல் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் கவனிக்க: உளவியலில் அதிலிருந்து தப்ப முடியாது.

இங்கே பலவீனம் என்ன? சில கல்லூரிகளில் இரண்டு வருடமும் சக மாணவர்களையே ‘வருபவர்’ ஆக்கிப் பழகிவிட்டு, நிஜமான ஆளை ஒரு மாத இன்டர்ன்ஷிப்பில் மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருகிறார்கள். தோழி சொல்லும் கற்பனைப் பிரச்சினைக்கும், அடி வாங்கிவிட்டு முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு வருகிற பெண்ணுக்கும் உள்ள தூரம் பெரியது. அந்தத் தூரத்தை முதல் வேலையில் தனியாகக் கடக்க வேண்டியிருக்கும்.

சேரும் தகுதியில் ஒரு முக்கிய வித்தியாசம். எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு பொதுவாக எந்தப் பட்டமானாலும் சரி, பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.இ. எல்லாரும் வருவார்கள். கவுன்சலிங் சைக்காலஜிக்குப் பல இடங்களில் இளநிலையில் உளவியல் கேட்பார்கள். எந்தப் பட்டமானாலும் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆனால் அடிப்படை உளவியலே படிக்காமல் நேரே முதுநிலைக்குப் போகிறவர் முதல் செமஸ்டரில் மூச்சுத் திணறுவார்.

மூன்றாம் படி: ஸ்பெஷலைசேஷன் என்ற வலை

இதை எம்.எஸ்.டபிள்யூ. பக்கம் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்பது ஒரே படிப்பு மாதிரி இருக்கும், உள்ளே போனால் மூன்று நான்கு கிளை: சமுதாய மேம்பாடு, மருத்துவம் மற்றும் மனநலம், குடும்பம் மற்றும் குழந்தை நலம், அப்புறம் மனிதவளம்.

மனிதவளம் எப்படி இதற்குள் வந்தது என்று கேட்பவர்களுக்கு: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. தொழிலாளர் நலம் அன்றைக்கு சமூகப்பணிப் பாடம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், மதுரை சமூக அறிவியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி என்று தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. வளர்ந்த ஊர்களைப் பாருங்கள். எல்லாம் ஆலை ஊர்கள், துறைமுக ஊர்கள். அந்த வழியில் வந்தவர்கள் இன்று எச்.ஆர். துறையில் நிறைய இருக்கிறார்கள்.

அது தப்பே இல்லை, சம்பளமும் அங்கேதான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘மனநலம்’ என்ற எண்ணத்தில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் வருடம் “எல்லாரும் எச்.ஆர். எடுக்குறாங்க” என்று நீங்களும் எடுத்தால், மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கதவு திறக்காது. கிளையை எப்போது தேர்ந்தெடுக்க வேண்டும், மாணவர் விருப்பப்படியா மதிப்பெண்படியா, மருத்துவம்–மனநலத்தில் எத்தனை இடம் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். சில கல்லூரிகளில் அந்தக் கிளை பெயருக்குத்தான் இருக்கும்.

நான்காம் படி: பட்டத்துக்குச் சட்டம் என்ன இடம் தருகிறது?

கொஞ்சம் வறட்சியான பகுதிதான். ஆனால் என்னிடம் பின்னால் வந்து வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தவறவிட்டது இதைத்தான்.

முதலில் ‘கவுன்சலர்’ என்ற சொல். இந்தியாவில் இத்தனை வருடமாக இதற்கு வேலி இல்லை. மூன்று மாதச் சான்றிதழ் படித்தவரும் போர்டு மாட்டலாம், ஒன்றுமே படிக்காதவரும் மாட்டலாம். ‘சோஷியல் வொர்க்கர்’ என்ற சொல்லும் அப்படித்தான், வெள்ளைச் சட்டை போட்ட வட்டச் செயலாளரும் தன்னைச் சமூக சேவகர் என்பார். 

வேலி உள்ள பெயர்கள் இரண்டு. ஒன்று, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர். இது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், நாம் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, பதிவு செய்தவர்களுக்கு உரியது. இரண்டு, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர், அதாவது மனநல சமூகப்பணியாளர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இவர் யார் என்று சொல்கிறது: சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம், அதற்குமேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி உள்ள இரண்டு வருட முழுநேர சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் எம்.ஃபில். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இந்தப் படிப்புக்குப் பேர்போன இடம். இதே சட்டத்தின்படி மாநில மனநல ஆணையம் மனநல நிபுணர்களாகப் பதிவு செய்யும் பட்டியலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் இருக்கிறார்கள். கவுன்சலர் என்ற பெயர் அதில் இல்லை.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. அதுதான் கனவு என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு உளவியல் பக்கம் போய்விடுங்கள்.

கவுன்சலிங் படித்துவிட்டு அந்த வழியில் போக நினைத்தால், பட்டத்தின் பெயரைப் பாருங்கள். ‘சைக்காலஜி’ என்ற சொல் அதில் இருக்கிறதா? வெறும் கவுன்சலிங், வழிகாட்டுதல், குடும்ப வாழ்வு என்ற பெயர்களில் முதுநிலைப் பட்டங்கள் உண்டு. பாடம் நன்றாகவே இருக்கும், ஆனால் அடுத்த படிக்கு விண்ணப்பிக்கும்போது தகுதியில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் குறிவைக்கும் மேற்படிப்பின் தகுதிப் பக்கத்தை இப்போதே திறந்து, சேரப்போகும் பட்டத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, எம்.ஃபில். பற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே பொதுவாக நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் என்ற இரண்டு எம்.ஃபில்.களுக்கு மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு கொடுத்தது. எனவே “எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சுட்டு நிம்ஹான்ஸ்ல எம்.ஃபில். பண்ணுவேன்” என்று சீனியர் போன வழியை அப்படியே மனத்தில் வைத்திருப்பவர்கள், நீங்கள் முடிக்கும் வருடத்தில் அந்த இடத்தில் என்ன பெயரில் என்ன படிப்பு நடக்கும் என்பதை அந்த நிறுவனத்தின் அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள். சீனியரின் அனுபவம் இங்கே உதவாது.

அப்புறம் 2021இல் வந்த இன்னொரு சட்டம், தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம். உளவியலாளர்கள், நலக் கவுன்சலர்கள், மருத்துவ–மனநல சமூகப்பணியாளர்கள் எல்லாரையும் அதன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. வேலியில்லாத நிலத்துக்கு வேலி வரத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதன் முதல் விளைவை மாணவர்கள் 2025லேயே பார்த்தார்கள்: இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. சொல்லி, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலை நிறுத்தியது. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிடலாம் என்ற பழைய வழி இனி இல்லை. யாராவது இன்னும் அப்படி அட்மிஷன் போடுகிறேன் என்றால் பணம் கட்டுமுன் யு.ஜி.சி. தளத்தில் பாருங்கள்.

ஐந்தாம் படி: இருபது விளம்பரம் சேருங்கள்

“எதுக்கு வேலை கிடைக்கும்?” என்ற அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிட, நீங்களே ஒரு மாதம் விளம்பரங்களைச் சேர்த்தால் நல்ல பதில் கிடைக்கும். மாவட்ட இணையதளங்களில் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் வரும். சமூகநலத் துறை, சுகாதாரச் சங்கம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தனியார் பள்ளிகள், மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் ‘கல்வித் தகுதி’ என்ற வரியை மட்டும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டுங்கள்.

என்ன தெரியவரும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்களில் ‘ஆற்றுப்படுத்துநர்’, அதாவது கவுன்சலர், பணிக்கு உளவியலும் கேட்பார்கள், சமூகப்பணியும் கேட்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் தனிப் பதவி, சமூகப்பணியாளர் தனிப் பதவி. முதலாவதற்கு இரண்டு பட்டமும் செல்லும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் அப்படித்தான். மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளருக்கும் சமூகப்பணியாளருக்கும் தனித்தனி இடம் உண்டு. உடல் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு 2014ஆம் ஆண்டு விதிகளே சமூகப்பணி முதுநிலையை விரும்பத்தக்க தகுதிகளில் ஒன்றாகச் சொல்கின்றன. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் போய் உறுப்பு தானம் பற்றிப் பேசுகிற வேலை அது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் அதைவிடக் கனமான பேச்சு வேறு இல்லை.

பள்ளிக்கூடங்கள் உளவியல் பக்கம் சாய்பவை, சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் 2025 ஜூலையில் மாணவர் தற்கொலை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சலரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. மூன்று பெயரையும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அது. கூடவே, குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நிபந்தனை அங்கே இருக்கிறது, பட்டத்தின் பெயரில் இல்லை.

நோட்டு நிரம்பியதும் எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பொருந்தும் விளம்பரங்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும், வகையும் கூடுதலாக இருக்கும். ஆனால் இன்னொரு வரியையும் பார்க்க மறக்காதீர்கள்: ‘முற்றிலும் தற்காலிகமானது, தொகுப்பூதியம்’. அரசுத் திட்ட வேலைகளில் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையில்தான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்களா என்று காத்திருக்கும் வாழ்க்கை. கவுன்சலிங் பக்கம் தனியாக ப்ராக்டிஸ் செய்யலாம் என்பது கவர்ச்சி. அது கிளம்பச் சில வருடம் ஆகும், அதுவரை வீட்டு வாடகையை வேறு எதுவோ கட்ட வேண்டும். சென்னை, கோவையில் நடக்கும் ஃபீஸ் கணக்கு விழுப்புரத்தில் நடக்காது. “சும்மா பேசுறதுக்கா காசு?” என்ற கேள்வியைச் சிரித்த முகத்தோடு எதிர்கொள்ளத் தெரிய வேண்டும்.

ஆறாம் படி: கல்லூரிக்கு நேரில் போங்கள்

இரண்டு படிப்பும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடங்கள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன சென்னைக் கல்லூரியும் அப்படித்தான். முடிந்தால் அப்படி ஒரு இடத்துக்குப் போய், டீக்கடையில் இரண்டு துறை மாணவர்களிடமும் பேசுங்கள். ஆசிரியர்களிடம் கேட்பதைவிட இது நல்லது. முதலாம் ஆண்டு மாணவர் இன்னும் உற்சாகத்தில் இருப்பார், இரண்டாம் ஆண்டு கடைசி செமஸ்டரில் இருப்பவரைப் பிடியுங்கள்.

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. போன வாரம் ஐ.சி. நடந்ததா, எவ்வளவு நேரம்? களப்பணி நிறுவனத்தில் உங்களுக்கு வழிகாட்டியவர் யார், அவர் இதே படிப்பு படித்தவரா? கவுன்சலிங் மாணவரானால்: இதுவரை எத்தனை நிஜ மனிதர்களைப் பார்த்தீர்கள், அதற்குப் பிறகு யாரோடு அதைப் பற்றிப் பேசினீர்கள்? ஆசிரியர்களில் இப்போதும் ஆட்களைப் பார்ப்பவர் யாராவது உண்டா? கட்டடமும் தரவரிசையும் எப்படியும் போகட்டும், இந்தப் பதில்கள் நன்றாக இருக்கும் கல்லூரியில் எந்தப் பட்டம் படித்தாலும் உருப்படலாம். களப்பணிக்குப் போகாமலே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து வாங்கும் இடங்கள் இருக்கின்றன. நானே ஒரு நிறுவனத்தில், நேரில் வந்தே பார்த்திராத ஒரு மாணவியின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லப்பட்டிருக்கிறேன்.

வெளிநாட்டு எண்ணம் இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ.வில் குறைந்தது 900 மணிநேரக் களப்பயிற்சி. கவுன்சலிங் முதுநிலையில், அங்கீகார அமைப்பின் கணக்குப்படி 700 மணிநேரம். இரண்டுக்கும் தனித்தனி உரிமம், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் சமூகப்பணியாளர்கள் பல காலமாகக் கட்டணம் பெறுகிறார்கள், கவுன்சலர்களுக்கு அந்த வாசல் 2024 ஜனவரியில்தான் திறந்தது. இங்கிலாந்தில் ‘சோஷியல் வொர்க்கர்’ சட்டத்தால் காக்கப்பட்ட பெயர், ‘கவுன்சலர்’ அப்படி இல்லை. பொதுவாக, கடல் தாண்டினால் சமூகப்பணிப் பட்டத்துக்கு வழி கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. ஆனால் எந்த நாடும் நம் களப்பணி மணிநேரத்தை ஆவணத்தோடு கேட்கும். ஒவ்வொரு செமஸ்டரிலும் எத்தனை மணிநேரம், எங்கே, யார் மேற்பார்வை என்று கல்லூரி முத்திரையோடு அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார்.

ஏழாம் படி: உங்களைப் பற்றி ஒரு கேள்வி

இந்த இரண்டு படிப்புக்கும் வருகிறவர்களில் பலர் தங்கள் வீட்டில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். குடித்த அப்பா, தூக்கமில்லாத அம்மா, சீக்கிரம் போய்விட்ட ஒரு தோழன். அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சரிசெய்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு என்றால், முதலில் நீங்கள் ஒரு நல்ல கவுன்சலரிடம் போய்ப் பேசுங்கள். படிப்பு அப்புறம். மூன்றாவது செமஸ்டரில் அதே கதை உங்கள் முன் வந்து உட்காரும்போது ஆசிரியரால் உங்களைப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்காது.

இதையெல்லாம் செய்தும் தராசு ஆடிக்கொண்டே இருந்தால்

அப்போது என் சாய்வைச் சொல்கிறேன். இளநிலையில் உளவியல் படித்திருக்கிறீர்கள், ஆட்களோடு ஒற்றைக்கு ஒற்றை உட்காரப் பிடிக்கிறது என்றால் கவுன்சலிங் சைக்காலஜி எடுங்கள், தயங்காதீர்கள். உளவியல் படிக்காதவர், மனம் இரண்டு பக்கமும் போகிறது என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவம்–மனநலம் எடுங்கள். பிறகு வேலை பார்த்துக்கொண்டே நல்ல மேற்பார்வையோடு ஒரு கவுன்சலிங் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். எதிர்த்திசையில் போவது கடினம்: சமூகப்பணியாளர் என்று பெயர் போட்ட பதவிக்கு எம்.எஸ்.டபிள்யூ. கேட்டால், கவுன்சலிங் பட்டத்தோடு எத்தனை வருடம் தெருத்தெருவாக அலைந்திருந்தாலும் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும்.

இப்போது நாள் கணக்கு. கேஸ் தாளுக்கு ஒரு மாலை. விளம்பர நோட்டுக்கு ஒரு மாதம், அதைக் கடைசி செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம். கல்லூரிகளுக்குப் போக இரண்டு நாள். முடிந்தால் தேர்வு முடிந்ததும் ஒரு மனநலக் காப்பகத்திலோ போதை மறுவாழ்வு மையத்திலோ பத்து நாள் தன்னார்வலராகப் போய் நில்லுங்கள். பாத்திரம் கழுவச் சொன்னாலும் கழுவுங்கள், வேலை செய்பவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் போகிறீர்கள். அட்மிஷன் மேசைக்குப் போனதும், பணம் கட்டும் முன், போன வருட மாணவர்கள் களப்பணிக்குப் போன நிறுவனங்களின் பட்டியலைக் கேளுங்கள். “சேர்ந்ததும் சொல்வாங்க” என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.